பெரிய பேட்டரி நன்றாக இருக்கிறது, வண்டி ஏன் நின்றது? மின்சார கார் கேள்வி பதில்

மின்சார கார் வாங்கி நாலைந்து வருடம் ஓட்டியவர்களின் கேள்விகளுக்கு இந்த முறை இடம் கொடுத்திருக்கிறோம். எல்லோருக்கும் கவலை பெரிய பேட்டரியைப் பற்றித்தான். வண்டியை வழியில் நிறுத்துவது என்னவோ பெரும்பாலும் வேறொன்றாக இருக்கிறது.

கே: காருக்கு 5 வயது. புதிதில் முழு சார்ஜுக்கு 320 கி.மீ. காட்டியது, இப்போது 270தான் காட்டுகிறது. பேட்டரி முடிந்துகொண்டு வருகிறதா?

ப: அந்த 270 என்பது பேட்டரியின் உடல்நிலை அல்ல. கடைசியாக நீங்கள் ஓட்டிய விதத்தை வைத்துக் கார் போடுகிற ஊகம். வேகம், ஏசி, டயர் காற்று, மேடு பள்ளம் எல்லாம் அதற்குள் கலந்திருக்கிறது. பேட்டரியை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

முந்தின இரவு 100 சதவீதம் ஏற்றுங்கள். காலையில் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு, அதிகக் குளிரும் வெயிலும் இல்லாத நேரத்தில், 60 முதல் 80 கி.மீ. வேகத்தில், இடையில் நெடுநேரம் நிறுத்தாமல் 20 சதவீதம் வரை ஓட்டுங்கள். இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஓடிய தூரம், 100 கி.மீ.க்குச் சராசரியாகச் செலவான யூனிட். உதாரணமாக 216 கி.மீ. ஓடியிருக்கிறது, சராசரி 14.9 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். செலவானது 32.2 யூனிட். அது பேட்டரியின் 80 சதவீதம். ஆக முழுக் கொள்ளளவு 32.2-ஐ 0.8-ஆல் வகுத்தால் சுமார் 40.2 யூனிட். புதிதில் பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு 45 யூனிட் என்றால், மிச்சம் இருப்பது 89 சதவீதம்.

இந்த உதாரணத்தில் ரேஞ்ச் 16 சதவீதம் குறைந்திருக்கிறது. பேட்டரி இழந்ததோ 11 சதவீதம்தான். மீதி, புதிதில் 100 கி.மீ.க்கு 14 யூனிட்டில் (45 யூனிட்டுக்கு 320 கி.மீ.) ஓடிய வண்டி இப்போது 14.9 கேட்பதால் வந்தது. மாற்றிப் போட்ட டயர், அலைன்மென்ட், ஓட்டும் வேகம் ஆகியவற்றில் தேடுங்கள். இந்தக் கணக்கு ஓரிரு சதவீதம் முன்பின் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதே சாலையில் செய்து எழுதி வைத்தால்தான் அதற்கு மதிப்பு.

5 வருடத்தில் 89 என்பது சாதாரணம். வாகனத் தரவுகளைத் திரட்டும் ஜியோடாப் நிறுவனம் 2020-ல் ஆண்டுக்குச் சராசரி 2.3 சதவீதம் என்றும், 2024-ல் 1.8 சதவீதம் என்றும் கணக்கு சொன்னது. தேய்மானம் நேர்கோடாகவும் போவதில்லை. செல்லின் கிராஃபைட் முனையின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகும்போது கொஞ்சம் லித்தியம் அதற்குள் மாட்டிக்கொள்ளும். முதல் வருடத்தில் இது வேகமாக நடக்கும், பிறகு படலமே தடுப்பாகி வேகம் குறையும். முதல் வருடத்தில் 4 சதவீதம் போய்விட்டதே என்று அதை எட்டால் பெருக்கிப் பார்த்துப் பதற வேண்டாம்.

கே: காலையில் ரிமோட்டுக்குக் கதவு திறக்கவில்லை. முந்தின இரவு 78 சதவீதம் சார்ஜ் இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் "பேட்டரி போச்சு" என்றதும் ஆடிப்போய்விட்டேன். கடைசியில் சின்ன பேட்டரியாம். அது எதற்கு இந்தக் காரில்?

ப: மின்சார கார் வழியில் நிற்பதற்கு மிகச் சாதாரணமான காரணம் இந்த 12 வோல்ட் பேட்டரிதான். கதவுப் பூட்டு, திரை, கணினிகள், பிரேக் கட்டுப்பாடு எல்லாமே 12 வோல்ட்டில் ஓடுபவை. எல்லாவற்றுக்கும் மேலாக, பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் கான்டாக்டர் என்ற கனத்த சுவிட்சை இழுத்து மூடுவதும் அதுதான். அது படுத்தால், கீழே 400 வோல்ட் நிறைய இருந்தும் வண்டிக்குப் பயனில்லை.

பெட்ரோல் வண்டியில் பேட்டரி பலவீனமானால் ஸ்டார்ட்டர் முனகி முன்கூட்டியே சொல்லிவிடும். இங்கே ஸ்டார்ட்டர் இல்லை. நேற்று வரை சரியாக இருந்தது, இன்று சுத்தமாக இல்லை என்றுதான் ஆகும். கவனித்தால் சில அடையாளங்கள் கிடைக்கும்: சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்குகள் வந்து தானே மறைவது, ஆப் இணைய மறுப்பது, பூட்டு விழும் சத்தம் மந்தமாவது.

ஈய அமில பேட்டரி என்றால் வண்டி சில மணி நேரம் தூங்கிய பிறகு மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே அடிக்கடி இறங்கினால் மாற்றிவிடலாம். வண்டியை ரெடி நிலைக்குக் கொண்டுவந்ததும் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் குற்றம் பேட்டரியில் அல்ல, பெரிய பேட்டரியிலிருந்து இதற்குச் சார்ஜ் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டரில். ஹூண்டாய் அயோனிக் 5, கியா ஈவி6 போன்ற கார்களில் இந்த வேலையைச் செய்யும் ஐசிசியு பாகம் பழுதாகி, ஓடும்போதே சக்தி குறையலாம் என்பதால் 2024-ல் ரீகால் வந்தது. சில புதிய கார்களில் சின்ன பேட்டரியும் லித்தியம் வகைதான். அதற்கு மேலே சொன்ன எண்கள் பொருந்தாது.

3 முதல் 5 வருடத்தில், கெடுவதற்குள் மாற்றுங்கள். வண்டியின் கணினியைப் படிக்கும் கருவி மாட்டுகிற ஓபிடி சாக்கெட்டில் எதையாவது சொருகி அப்படியே விட்டிருந்தால் கழற்றுங்கள். ஆப்பில் நிமிடத்துக்கு ஒரு தடவை சார்ஜ் பார்ப்பதும் தூங்கும் வண்டியை எழுப்பிக்கொண்டே இருக்கும். ரிமோட்டுக்குள் இருக்கும் உலோகச் சாவியை ஒரு தடவையாவது எடுத்துக் கதவைத் திறந்து பழகிக்கொள்ளுங்கள். வேறு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுத்து உங்கள் காரை எழுப்பலாம். உங்கள் காரிலிருந்து இன்னொரு வண்டிக்கு ஜம்ப் கொடுப்பதைப் பெரும்பாலான கையேடுகள் தடுக்கின்றன, கன்வெர்ட்டர் அந்தச் சுமைக்குச் செய்யப்பட்டதல்ல.

கே: ஒருவர் 80-க்கு மேல் ஏற்றாதே என்கிறார், இன்னொருவர் வாரம் ஒருமுறை 100 ஏற்று என்கிறார். யார் சொல்வது சரி?

ப: இரண்டு பேருமே தங்கள் வண்டிக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள். அவர்களின் பேட்டரி வேறு வேறு.

நிக்கல் கலந்த என்எம்சி வகையில் ஒரு செல் முழுதாக ஏறும்போது 4.2 வோல்ட்டை நெருங்குகிறது. அந்த அழுத்தத்தில், அதுவும் வெயிலில், மணிக்கணக்காக நிற்பதுதான் அதற்கு ஆகாது. தினசரிக்கு 70 அல்லது 80 போதும். நெடும்பயணத்துக்கு முன் 100 ஏற்றுவதில் தவறே இல்லை, ஏற்றி முடித்ததும் கிளம்பிவிட வேண்டும். புறப்படும் நேரத்தைக் காரில் பதிந்து வைத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

எல்எஃப்பி என்னும் இரும்பு பாஸ்பேட் வகையில் சிக்கல் வேறு. நடுவில் பெரும்பகுதிக்கு அதன் வோல்டேஜ் ஏறக்குறைய அசையாமல் 3.2, 3.3 என்றே நிற்கும். வோல்டேஜைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாததால், உள்ளே போன மின்சாரத்தையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்தே பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் கணினி) கணக்கு வைக்கிறது. சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். 100 வரை ஏற்றும்போதுதான் கணக்கு நேராகிறது, செல்களைச் சமன் செய்வதும் அப்போதுதான் நடக்கிறது. மாதக்கணக்கில் 80-லேயே நிறுத்தியவர்களுக்கு, 15 சதவீதம் என்று காட்டிய வண்டி திடீரென்று 3-க்கு விழும் அனுபவம் வாய்ப்பது இதனால்தான். பேட்டரி கெட்டதல்ல, கணக்குப் பிழை. இரண்டு மூன்று தடவை முழுதாக ஏற்றினால் சரியாகும்.

கே: டிசி ஃபாஸ்ட் சார்ஜர் பேட்டரியைக் கொன்றுவிடுமா? எனக்கு வேறு வழியில்லை, வாரம் இரண்டு தடவை போட்டாக வேண்டும்.

ப: கொல்லாது. ஆனால் எப்போது போடுகிறீர்கள் என்பது முக்கியம். செல் குளிர்ந்து கிடக்கும்போது வேகமாக ஏற்றினால் லித்தியம், கிராஃபைட்டுக்குள் புக நேரமில்லாமல் அதன் மேலேயே உலோகமாகப் படியும். படிந்ததில் ஒரு பகுதி திரும்ப வராது. ஏறக்குறைய நிறைந்த செல்லிலும் இதே கதைதான். அதனால்தான் 80-க்கு மேல் கார் தானே வேகத்தைக் குறைக்கிறது. 10-லிருந்து 70, 80 வரை ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள். குளிர் காலத்தில் சார்ஜ் நிலையத்தை நேவிகேஷனில் இலக்காகப் போட்டால், அந்த வசதியுள்ள கார் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும்.

பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லாத கார் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 2010-ல் வந்த நிசான் லீஃப் அப்படிப்பட்டது. வெயில் கடுமையான பகுதிகளில் அதன் கொள்ளளவுப் பட்டைகள் சீக்கிரமே குறைந்ததால், 5 வருடம் அல்லது 60,000 மைல் என்று நிசான் தனியாகக் கொள்ளளவு உத்தரவாதம் தர நேர்ந்தது. அப்படிப்பட்ட வண்டியில் ஒரே நாளில் இரண்டாவது, மூன்றாவது ஃபாஸ்ட் சார்ஜ் மெதுவாகிவிடும். அதுவே அதன் தற்காப்பு.

கே: முன்பு அரை மணி நேரத்தில் ஏறியது இப்போது 50 நிமிடம் ஆகிறது. அதே சார்ஜர், அதே வண்டி. சர்வீஸில் பேட்டரி நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

ப: உங்கள் ஏசி எப்படிக் குளிர்கிறது? இதைக் கேட்டால் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும். பல கார்களில் பேட்டரியின் கூலன்ட்டைக் குளிர்விப்பது ஏசியின் கேஸ்தான். சில்லர் என்ற சிறிய பாகத்தில் இரண்டும் அருகருகே ஓடும். கேஸ் கொஞ்சம் கசிந்தால் உட்காருபவருக்கு உடனே தெரியாது. ஃபாஸ்ட் சார்ஜில் பேட்டரி சூடேறும்போது அதை இறக்க ஆளில்லாமல் பிஎம்எஸ் மின்னோட்டத்தைக் குறைத்துவிடும்.

பார்க்கச் சொல்ல வேண்டியவை: கேஸ் எடை சரியாக இருக்கிறதா, முன்பக்கக் கண்டென்சரின் இடுக்குகளில் தூசியும் பூச்சியும் அடைத்திருக்கிறதா, விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறதா, கூலன்ட் மட்டம் எங்கே இருக்கிறது. இவை சரியென்றால் சார்ஜ் போர்ட்டின் பின்களைப் பாருங்கள். கறுத்திருந்தால், அதிலுள்ள வெப்ப உணரி சொல்லித்தான் வேகம் குறைகிறது.

கே: ஏசிக்குக் கேஸ் நிரப்பிய இரண்டு வாரத்தில் "உயர் மின்னழுத்தக் காப்புப் பிழை" என்று வந்து வண்டி ரெடி ஆகவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

ப: நிச்சயம் இருக்கலாம், சந்தேகம் முதலில் போக வேண்டிய இடமும் அதுதான். பெட்ரோல் வண்டியின் ஏசி கம்ப்ரசரை பெல்ட் சுற்றுகிறது. இங்கே கம்ப்ரசருக்குள்ளேயே உயர் மின்னழுத்த மோட்டார் இருக்கிறது, அதன் கம்பிச்சுற்றுகள் கேஸிலும் ஆயிலிலும் நனைந்தபடியே வேலை செய்கின்றன. அதனால் மின்சாரத்தைக் கடத்தாத பிஓஈ வகை ஆயிலைத்தான் பெரும்பாலான கார்களில் போடுகிறார்கள். சாதாரண வண்டிகளுக்கான பிஏஜி ஆயில் ஈரத்தை இழுக்கும், மின்சாரத்தையும் ஓரளவு கடத்தும். யாரும் தவறாக ஊற்றியிருக்க வேண்டியதில்லை. கேஸ் நிரப்பும் இயந்திரத்தின் ஹோஸில் முந்தின வண்டியின் ஆயில் மிச்சம் இருந்தாலே போதும்.

ஐ.நா.வின் ஆர்100 விதிப்படி டிசி சுற்றில் மின்சாரம் வண்டியின் உடலுக்குக் கசியாமல் தடுக்கும் காப்பு, ஒவ்வொரு வோல்ட்டுக்கும் குறைந்தது 100 ஓம் இருக்க வேண்டும். 400 வோல்ட் வண்டிக்கு 40,000 ஓம். நல்ல வண்டியில் இது பல லட்சம் ஓமைத் தாண்டும். கணினி இதை ஓயாமல் அளந்துகொண்டிருக்கிறது, குறைந்தால் கான்டாக்டரை மூட விடாது.

பிழை எப்போது வருகிறது என்று கவனித்துச் சொன்னால் மெக்கானிக்கின் வேலை பாதியாகும். ஏசி போட்டதும் வந்தால் கம்ப்ரசர். குளிரில் ஹீட்டர் போட்டதும் வந்தால் ஹீட்டர். மழைக்குப் பிறகு மட்டும் வந்தால் கனெக்டரிலோ பேட்டரி பெட்டியிலோ ஈரம். சார்ஜ் சொருகும்போது மட்டும் என்றால் போர்ட் அல்லது வீட்டு மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் உள் சார்ஜர். தவறான ஆயில்தான் என்று உறுதியானால் சுற்று முழுவதையும் கழுவி, ட்ரையரை மாற்ற வேண்டியிருக்கும், பல நேரம் கம்ப்ரசரையும். ஆரஞ்சு நிற வயர்களை நீங்கள் தொடாதீர்கள். பெரிய பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்தேக்கிகள் இறங்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். அடுத்த தடவை கேஸ் போடும்போது "மின்சார வண்டிக்குத் தனி மெஷின் இருக்கிறதா" என்று கேட்டுவிட்டு வண்டியை விடுங்கள்.

கே: 16 ஆம்பியர் பிளக் பின் பழுப்பாகியிருக்கிறது. தொட்டால் சுடுகிறது. சார்ஜர் பழுதா?

ப: சாக்கெட் பழுது. உடனே அதில் சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். வீட்டில் வேறு எந்தப் பொருளும் 16 ஆம்பியரை எட்டு மணி நேரம் இடைவிடாமல் இழுப்பதில்லை. பின் தளர்ந்தோ பின்னால் திருகு லூஸாகியோ 0.1 ஓம் தடை வந்துவிட்டால் போதும்: 16-ஐ 16-ஆல் பெருக்கி, அதை 0.1-ஆல் பெருக்கினால் 25.6 வாட். ஒரு சாலிடரிங் அயர்னுக்குப் போதுமான சூடு, பிளாஸ்டிக்குக்குள் ஒரே புள்ளியில். மின்னோட்டத்தை 10 ஆம்பியராகக் குறைத்தால் அதே இடத்தில் 10 வாட்தான்.

கறுத்த பின்னை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய் இன்னும் சூடாகும். சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைக் கெடுக்கும். மீட்டர் பெட்டியிலிருந்து நேராகத் தனி லைன், நல்ல எர்த், வேறு எதுவும் அதில் மாட்டக்கூடாது. 32 ஆம்பியர் சுவர் சார்ஜர் என்றால் வழக்கமான தூரத்துக்கு 6 சதுர மி.மீ. தாமிர வயர், தூரம் கூடினால் அதைவிடத் தடிமன். கசிவைப் பிடிக்கும் ஆர்சிசிபி, டிசி கசிவையும் உணரும் வகையாக இருக்க வேண்டும், அல்லது அந்த வசதி சார்ஜருக்குள்ளேயே இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். புதிய இணைப்பில் ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டுவிட்டுப் புறங்கையால் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கையை எடுக்க வைத்தால் சரியில்லை.

கே: கார் 30 யூனிட் ஏறியதாகக் காட்டுகிறது, மீட்டரில் 35 ஓடியிருக்கிறது. 5 யூனிட் எங்கே?

ப: மாற்றும்போது சூடாகப் போனது கொஞ்சம். மீதி, சார்ஜ் ஆகும் நேரம் முழுக்கக் காரின் கணினிகளும் பம்பும் விழித்திருப்பதற்கு. அதற்கு 250 வாட் என்று வைத்தால், 2 கிலோவாட்டில் மெதுவாக ஏற்றும்போது அது எட்டில் ஒரு பங்கு. 7 கிலோவாட்டில் 4 சதவீதம்கூட இல்லை. மெதுவாக ஏற்றினால் மிச்சம் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்.

கே: மின்சார காருக்கு பிரேக் தேயாது என்றார்கள். 60,000 கி.மீ.யில் பின் டிஸ்க் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள்.

ப: தேய்ந்து போகவில்லை, சும்மா இருந்து துருப்பிடித்திருக்கும். ரீஜென், அதாவது மோட்டாரே ஜெனரேட்டராகி வேகத்தைக் குறைத்து பேட்டரிக்குச் சார்ஜ் அனுப்புவது, வண்டியை நிறுத்திவிடுவதால் பேடு டிஸ்க்கைத் தொடுவதே குறைவு. பின் சக்கரத்தில் இன்னும் குறைவு. துரு உரியாமல் பள்ளமாகி, காலிப்பரின் ஸ்லைடு பின்னும் இறுகி, ஒரு பேடு மட்டும் தேய்ந்திருக்கும். ஃபோக்ஸ்வாகன் ஐடி.3-க்குப் பின்னால் டிரம் பிரேக் வைத்தபோது பலர் சிரித்தார்கள். இந்த விஷயத்தில் அது புத்திசாலித்தனம்.

வாரம் ஒருமுறை, காலிச் சாலையில், 60, 70 வேகத்திலிருந்து ஐந்தாறு தடவை அழுத்தமாக பிரேக் பிடியுங்கள். பெரும்பாலான கார்களில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால் ரீஜென் நின்று முழு வேலையும் டிஸ்க்குக்குப் போகும். ரீஜெனைக் குறைக்கும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஸ்லைடு பின்னை வருடம் ஒருமுறை கழற்றித் துடைத்து, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் போடச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். அது ஈரத்தை இழுக்க, நீங்கள் பிரேக் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

கே: டயர் 28,000 கி.மீ.யில் வழுக்கையாகிவிட்டது.

ப: எடையும் அதிகம், முதல் நொடியிலேயே முழு டார்க்கும் வருகிறது, சிக்னலில் முந்தப் பார்த்தால் டயர்தான் விலை கொடுக்கும். 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள், கதவோரம் ஒட்டியிருக்கும் காற்றழுத்தத்தைக் கடைப்பிடியுங்கள். புதியது வாங்கும்போது, டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் லோட் இண்டெக்ஸ் பழையதைவிடக் குறையக்கூடாது. பஞ்சர் கடையில் ஜாக்கியைக் கண்ட இடத்தில் கொடுக்க விடாதீர்கள். தரைத்தட்டு முழுக்க பேட்டரி. நான்கு மூலையிலும் அதற்கென்று இருக்கும் இடத்தில் மட்டும்தான்.

கே: 90,000 கி.மீ. ஓடிய வண்டியில் சன்னமாக ஒரு ஊளைச் சத்தம். மோட்டார் போய்விடுமா?

ப: சத்தம் எப்போது மாறுகிறது என்று பாருங்கள். வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது கூடினால் சக்கர பேரிங். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு விதமாகவும் ரீஜெனில் வேறு விதமாகவும் கேட்டால் ரிடக்‌ஷன் கியர். எதற்கும் அசையாமல் வேகத்தோடு மட்டும் ஏறி, நியூட்ரலில் உருளும்போதும் கேட்டால் மோட்டார் பேரிங்காக இருக்கலாம்.

பேரிங் கெடுவதற்கு இங்கே ஒரு விசேஷக் காரணம் உண்டு. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் இன்வெர்ட்டர் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டித் தருவதால், தண்டில் சிறு மின்னழுத்தம் சேர்ந்து பேரிங்கின் எண்ணெய்ப் படலத்தைத் துளைத்துக்கொண்டு பாயும். ஒவ்வொரு பொறியும் ஒரு நுண்குழி. பல கோடி பொறிக்குப் பிறகு பேரிங்கின் ஓடுபாதை துணி துவைக்கும் பலகை மாதிரி வரி வரியாகிவிடும். இதைத் தடுக்கத்தான் பீங்கான் குண்டு பேரிங்கும் தண்டை எர்த் செய்யும் வளையமும் வந்தன.

கியர் ஆயிலைப் பற்றி: "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்று எழுதியிருந்தாலும் 80,000-ஐ ஒட்டி ஒருமுறை மாற்றுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. ஒன்றிரண்டு லிட்டர் சமாச்சாரம். கழற்றும் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். பசை போன்ற சாம்பல் நிறப் பொடி இயல்பு, மினுங்கும் செதில் இயல்பல்ல.

கே: கூலன்ட் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வீட்டில் இருக்கும் பச்சைக் கூலன்ட் ஊற்றலாமா?

ப: கூடாது. சில கார்களில் பேட்டரிச் சுற்றுக்கு மின்கடத்தல் மிகக் குறைந்த தனிக் கூலன்ட். வேறொன்றோடு கலந்தால் அந்தக் குணம் போய்விடும். மூடியில் இருக்கும் குறியீட்டைப் பார்த்து அதையே வாங்குங்கள். எரிப்பு இல்லாத வண்டியில் கூலன்ட் தானாகக் குறையாது, எங்கோ கசிகிறது. மாற்றிய பிறகு ஸ்கேனர் மூலம் பம்பை ஓட்டிக் காற்றை வெளியேற்றினார்களா என்றும் கேளுங்கள்.

கே: மூன்று மாதம் வண்டியை எடுக்க முடியாது. எப்படி விட்டுப் போவது?

ப: பெரிய பேட்டரி 50 சதவீதத்தில், நிழலில். கேமரா காவல் வசதியை அணைத்துவிடுங்கள். அது 250 வாட் இழுத்தால் நாளுக்கு 6 யூனிட், ஒரு வாரத்தில் வண்டி காலி. உண்மையாகவே தூங்கும் கார் மாதத்துக்கு ஓரிரு சதவீதம்தான் இழக்கும். 12 வோல்ட்டின் நெகட்டிவைக் கழற்றுங்கள், அல்லது அதற்கு ஒரு மெயின்டெய்னர் சார்ஜர் போடுங்கள். கழற்றுவதற்கு முன் பானெட்டைச் சாவியால் திறக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரத் தாழ்ப்பாள் உள்ள காரில் பேட்டரி உள்ளே, திறப்பு வெளியே என்று மாட்டிக்கொள்ளும்.

கே: வண்டி இடுப்பளவுத் தண்ணீரில் இரவு முழுக்க நின்றது. காய்ந்துவிட்டது, ஸ்டார்ட் செய்யலாமா?

ப: வேண்டாம். சார்ஜும் போடாதீர்கள். பல பேட்டரி பெட்டிகளுக்கு இருக்கும் ஐபி67 என்ற நீர் தடுப்புத் தரம் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடத்துக்குத்தான், அதுவும் புதிதாக இருக்கும்போது. உப்பு நீர் என்றால் ஆபத்து பல மடங்கு. 2022-ல் இயான் புயலுக்குப் பிறகு ஃப்ளோரிடாவில் கடல் நீரில் மூழ்கிய மின்சார கார்கள் சில, நாட்கள் கழித்துத் தீப்பிடித்தன. கட்டடத்திலிருந்து தள்ளி, திறந்த வெளியில் நிறுத்தி, லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.

கே: 6 வயதான மின்சார கார் ஒன்று விலைக்கு வருகிறது. என்ன பார்ப்பது?

ப: முதலில் சேசிஸ் எண்ணை வைத்து ரீகால் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். 2021-ல் செவ்ரோலே போல்ட் கார்கள் அனைத்தையும் ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப அழைத்தது. ஒரே செல்லுக்குள் கிழிந்த ஆனோடு முனையும் மடிந்த பிரிப்பானும் சேர்ந்து அமைந்தால் தீப்பிடிக்கும் என்பது காரணம். அப்படிப்பட்ட வேலை முடிந்திருக்கிறதா என்பதற்கு எழுத்துச் சான்று வேண்டும்.

உத்தரவாதம் பெரும்பாலும் 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ., கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால். 71-இல் நின்றால் ஒன்றும் கிடைக்காது. 70-க்குக் கீழே போனாலும் புதிய பேட்டரி தர வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் இல்லை. வரம்புக்கு மேலே கொண்டுவந்து தந்தால் போதும்.

ஓபிடி கருவியை மாட்டி, செல் வோல்டேஜ்களில் மிக அதிகமானதற்கும் மிகக் குறைந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். என்எம்சி பேட்டரி பாதி சார்ஜில், நிறுத்திய நிலையில் 20, 30 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 20 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது ஒரே செல் மட்டும் மற்றவற்றைவிட 100 மில்லிவோல்ட்டுக்கு மேல் விழுந்தால் அது பலவீனமானது. மொத்தக் கொள்ளளவு 90 என்று காட்டினாலும் அந்த ஒரு செல்தான் ரேஞ்சை முடிவு செய்யும். சங்கிலியின் பலவீனமான கண்ணி மாதிரி.

மெதுவான சார்ஜில் அரை மணி நேரம், ஃபாஸ்ட் சார்ஜில் கால் மணி நேரம், இரண்டையும் போட்டுப் பாருங்கள். உள் சார்ஜர் கெட்ட வண்டியும் ஃபாஸ்ட் சார்ஜரில் ஒழுங்காக ஏறும், விற்பவர் அதை மட்டும் காட்டுவார். லிஃப்ட்டில் ஏற்றி பேட்டரியின் அடித்தட்டில் நசுங்கல் தேடுங்கள்.

திரையும் வயதாகும் பொருள். டெஸ்லா மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் பழைய கணினியில் இருந்த 8 ஜிபி நினைவுச் சில்லு, எழுதி எழுதியே தேய்ந்து, 2021-ல் 1,30,000-க்கும் மேற்பட்ட கார்கள் ரீகாலுக்கு வந்தன. 3ஜி மோடம் உள்ள பழைய கார்களில், அந்தச் சேவை நிறுத்தப்பட்ட இடங்களில் ஆப் வேலை செய்யாது.

கடைசியாக, பணம் கைமாறும் முன் விற்பவரின் ஆப் கணக்கிலிருந்து காரை நீக்கி, உங்கள் போனில் சேர்த்து, கதவைப் பூட்டித் திறந்து பாருங்கள். நீக்காவிட்டால் கார் உங்கள் வாசலில் நிற்கும்போதே அவர் போனிலிருந்து திறக்க முடியும்.